மோட்டார்ஹோமில் வாஷர்-டிரையர் ஸ்பின் ஆகும்போது தரையே அதிர்கிறது: எங்கே கை வைப்பது?

நெடுஞ்சாலை_நண்டு:
வண்டி 36 அடி கிளாஸ் ஏ, அதாவது பஸ் வடிவ மோட்டார்ஹோம். 24 அங்குல முன்கதவு காம்போ, துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே டிரம்மில். பின்பக்கப் படுக்கையறை அலமாரிக்குள் ஓர் அடி உயர மரமேடை மேல் நிற்கிறது. மேடைப் பலகை 12 மி.மீ. பிளைவுட். ஸ்லைடு-அவுட்டில் (வெளியே நீளும் அறைப்பகுதியில்) இல்லை. மேடைக்கு அடியில் சாமான் வைக்கும் அறை.

துவைக்கும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஸ்பின் ஏறத் தொடங்கும்போது தடதடவென்று உலுக்கி அடங்குகிறது. பிறகு 1200 ஆர்பிஎம் பக்கம் வந்தால் மேடை, தரை, அலமாரிக் கதவு எல்லாம் சேர்ந்து அதிர்கின்றன. பெட்டியோடு வந்த, டிரம் ஆடாமல் பிடிக்கும் பயண போல்ட்கள் கழற்றியாகிவிட்டது. கால்களுக்கு அடியில் மெத்தென்ற ரப்பர் பேட் நான்கு வைத்ததில் ஆட்டம் கூடியதே தவிர குறையவில்லை. இன்னும் தடித்த பேட் வாங்கவா, மேடையைப் பிரிக்கவா?

திருகாணி:
பேட்களை முதலில் எடுத்துவிடுங்கள். அவை கான்கிரீட் தரை உள்ள வீட்டுக்குச் செய்தவை. மெஷினுக்குள் டப் (டிரம்மைச் சுற்றியுள்ள வெளித்தொட்டி) ஏற்கெனவே ஸ்பிரிங்கில் தொங்குகிறது, கீழே டேம்பர் (ஆட்டத்தைத் தணிக்கும் தண்டு) பிடித்திருக்கிறது. உங்கள் தரையும் ஒரு ஸ்பிரிங் மாதிரிதான். நடுவில் மெத்தென்ற ரப்பரை வைத்தால் வெளிப்பெட்டியும் தன் பங்குக்கு ஆடும். அதுதான் நடந்திருக்கிறது.

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனி அதிர்வுகள். முதல் உலுக்கல், டப் தன் ஸ்பிரிங்கின் ஒத்ததிர்வு வேகத்தைக் கடக்கும்போது வருவது. சில விநாடிகளில் அடங்கினால் அது இயல்பு. நீண்டால் துணி ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது, அல்லது டேம்பர் தேய்ந்திருக்கிறது. உயர்வேகத்தில் வருவது வேறு. 1200 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 20 சுற்று. மேடையோ தரையோ அதே 20 ஹெர்ட்ஸ் அருகே தானாக அதிரும் தன்மை உள்ளதாக இருந்தால், சிறு தள்ளலும் பெரிதாகும்.

தள்ளலும் லேசுப்பட்டதில்லை. அரை கிலோ ஈரத்துணி மையத்திலிருந்து 23 செ.மீ. தள்ளி ஒட்டிக்கொண்டால், 1200-இல் மையவிலக்கு விசை சுமார் 1800 நியூட்டன், அதாவது 180 கிலோ எடைக்கும் கொஞ்சம் மேல். பெரும்பகுதியை டப்பில் கட்டியிருக்கும் எதிர்எடையும் ஸ்பிரிங்கும் விழுங்கிவிடும், மிச்சம்தான் தரைக்கு வரும். விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 900-க்கு இறக்கினால் 56 சதவீதம்தான். துணியில் ஈரம் கூடும், உலர்த்தும் நேரம் நீளும், அதுதான் விலை.

செலவில்லாமல் பார்க்க வேண்டியவை: வண்டியின் தாங்கு ஜாக்குகளை இறக்கி மட்டப்படுத்துங்கள். ஜாக் அடியில் பலகை இருக்கட்டும். பின்சக்கரங்களை நிலத்திலிருந்து தூக்கிவிடாதீர்கள், பார்க்கிங் பிரேக் பிடிப்பது அங்கேதான். பிறகு மெஷின் மேல் ரசமட்டத்தை முன்பின்னாகவும் குறுக்காகவும் வையுங்கள். கால்கள் முடிந்தவரை உள்ளே சுருங்கியிருக்க வேண்டும், நீட்டிய கால் வளையும். எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்தினால் துளியும் ஆடக்கூடாது. கடைசியாக ஒவ்வொரு காலிலும் உள்ள லாக்நட்டை மேல்நோக்கி, பெட்டியின் அடித்தகட்டோடு நெருக்கி இறுக்குங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பின் துணியில்லாமல் ஸ்பின் மட்டும் ஓட்டிப் பாருங்கள், 1200-இல் ஒருமுறை, 1000-இல் ஒருமுறை. என்ன ஆகிறது என்று சொல்லுங்கள்.

ஈரத்துணி:
துணி பக்கமும் பார்த்துடுங்க. டிரம்மில் பாதிக்குக் கொஞ்சம் மேல் நிரப்புங்க. ஒற்றைக் குளியலறை மிதியடி, ஒற்றை ஜீன்ஸ், பந்தாகச் சுருளும் படுக்கைவிரிப்பு, இந்த மூணும்தான் பெரிய எதிரி. கனமான ஒண்ணைப் போட்டால் கூடவே ரெண்டு மூணு துண்டு சேர்த்துப் போடுங்க, எடை சுத்திப் பரவும்.

சோப்பு: நுரை குறைந்த ஹெச்ஈ (முன்கதவு மெஷினுக்கான) திரவம், ஒன்றிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி, அதுக்கு மேல வேண்டாம். நுரை டிரம்முக்கும் டப்புக்கும் நடுவில் நிரம்பினால் ஸ்பின் வேகமே ஏறாது. மெஷின் மறுபடி மறுபடி முயற்சி பண்ணும், அந்தக் குறைந்த வேகத்துல நின்னு நின்னு உலுக்கும்.

பிளைவுட்_பித்தன்:
மேடையைப் பற்றி. திருகாணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: அரைகுறையாகப் பலப்படுத்தினால் நிலைமை மோசமாகவும் ஆகலாம். மேடை இப்போது 15 ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்று வையுங்கள். கொஞ்சம் பலப்படுத்தி அதை 20-க்குக் கொண்டுபோனால் நேராக ஸ்பின் வேகத்தின் மேலேயே உட்காரும். 20-ஐத் தாண்டி 28, 30 வரை போக வேண்டும். அதிர்வெண் 1.4 மடங்காக வேண்டுமானால் விறைப்பு இரட்டிப்பாக வேண்டும்.

நல்ல செய்தி, பலகையின் வளைவு விறைப்பு தடிமனின் மும்மடியில் ஏறும். 12 மி.மீ.-யை எடுத்துவிட்டு 18 மி.மீ. பிர்ச் பிளைவுட் போட்டால் ஏறக்குறைய 3.4 மடங்கு. 2 அடிக்கு 2½ அடித் துண்டு ஐந்தாறு கிலோ, வண்டியின் சுமைக் கணக்கில் பெரிதில்லை. ஆனால் பலகை மட்டும் போதாது. மெஷினின் நான்கு கால்களுக்கும் நேர் கீழே 2×4 அங்குலச் செங்குத்துக் கட்டை வர வேண்டும், கால் பலகையின் நடுவில் தொங்கக் கூடாது. முன்கதவு டிரம் பக்கவாட்டிலும் தள்ளும்; அதற்கு மேடையின் பின்பக்கமும் இரு பக்கங்களும் 12 மி.மீ. பிளைவுட்டால் மூட வேண்டும். திறந்த சட்டம் எவ்வளவு தடியாக இருந்தாலும் சாயும். பழைய பலகையே வீணாகாது, இதற்கு வெட்டிக்கொள்ளலாம். ஸ்டேப்பிள் வேண்டாம். மரப்பசையும் 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூவும்.

கீழே தரையைப் பாருங்கள். பல வண்டிகளில் தரை என்பது இரண்டு மெல்லிய பலகைக்கு நடுவே ஃபோம். செங்குத்துக் கட்டை நேராக அதில் நின்றால் ஃபோம் அமுங்கும், ஒரு மூலை இறங்கும், நீங்கள் மட்டம் பார்த்ததெல்லாம் போச்சு. கட்டைகளுக்கு அடியில் இன்னொரு 18 மி.மீ. பலகையை விரித்து, முடிந்தால் எஃகுக் குறுக்குச்சட்டம் இரண்டின் மேலாவது அது பாலம்போல் படியும்படி வையுங்கள். குறுக்குச்சட்டம் எங்கே என்பதைச் சாமான் அறையின் கூரையைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். துளை போடும் முன் கீழே கைவிளக்கோடு போய்ப் பாருங்கள்: கழிவுநீர்த் தொட்டி, ஹைட்ராலிக் குழாய், மின்கம்பி மூன்றும் அந்தப் பகுதியில்தான் ஓடும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: ஸ்லைடு-அவுட்டில் மெஷின் இருந்தால் வெளியே தாங்குகால் முட்டுக்கொடுக்கத் தோன்றும். வேண்டாம். வண்டி கொஞ்சம் இறங்கினாலும் அந்தக் கால் ஸ்லைடை மேலே தள்ளும், ஸ்லைடை நகர்த்தும் இயந்திரம் கோணிப்போகும். அங்கே வேகத்தைக் குறைப்பதே சரி.

நெடுஞ்சாலை_நண்டு:
பேட் எடுத்து, மட்டம் பார்த்து, லாக்நட் இறுக்கியாச்சு. துணியில்லாமல் 1000-இல் அமைதி. 1200-இல் மேடை லேசாக அதிர்கிறது, கையால் அழுத்தினால் குறைகிறது. தொடக்க உலுக்கல் இல்லை. மெஷின் மேல் மணல்மூட்டை வைத்தால் நிற்குமா? சுவரோடு பட்டி போட்டுக் கட்டலாமா?

திருகாணி:
கையால் அழுத்தினால் குறைகிறது என்றால் சந்தேகமே இல்லை, மேடைதான். பித்தன் சொன்னபடி செய்யுங்கள். அதுவரை 1000.

மணல்மூட்டை வேண்டாம். எடையை மேலே ஏற்றினால் அதிர்வெண் இறங்கும், சாய்வு கூடும், ஓடும் வண்டியில் அது பறக்கும். பட்டி இறுக்கிக் கட்டினால் அதிர்வு சுவர் வழியாகப் படுக்கையறைக்கே வந்துவிடும். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். கால்கள் நகராமலிருக்க ஒவ்வொன்றையும் சுற்றி மரக்கட்டைத் தடுப்பு. பயணத்தில் பெட்டியைப் பிடித்து வைக்க எது வேண்டும் என்பதற்கு உங்கள் மாடலின் நிறுவல் கையேடு சொல்வதைச் செய்யுங்கள். தடுப்புக்கும் காலுக்கும் நடுவே மட்டும் 3 மி.மீ. கடின ரப்பர் வைக்கலாம்.

மெஷினை வெளியே இழுக்கப்போகிறீர்கள், அதனால் மின்இணைப்பைக் கழற்றிவிட்டு மேல்மூடியையும் திறந்து பாருங்கள். டப்பைக் கீழே அழுத்தி விடுங்கள்: ஒருமுறை மேலெழுந்து நின்றுவிட வேண்டும். தொடர்ந்து ஆடினால் டேம்பர் போய்விட்டது, எல்லா டேம்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். எதிர்எடையின் போல்ட்கள் சாலைக் குலுக்கலில் தளரும், ஸ்பானர் வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் கொக்கிகள் துளையில் சரியாக மாட்டியிருக்கின்றனவா என்றும். டிரம் விளிம்பைக் கையால் தூக்கும்போது டப் நகராமல் டிரம் மட்டும் தனியே அசைந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

திரும்ப உள்ளே தள்ளும்போது வடிகுழாய் சுவரில் முட்டாமல் தளர்வாக வளைந்திருக்கட்டும். காற்று வெளியேற்றும் குழாய் உள்ள மாடல் என்றால், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே விறைப்பான குழாய் போடாமல் 4 அங்குல வளையும் அலுமினியக் குழாயைக் குட்டையாகப் போடுங்கள். ஸ்க்ரூ முனை உள்ளே நீட்டினால் பஞ்சு சேரும், அதனால் வெளியே கிளாம்ப்.