கடலூர்ல இருந்து சினிமாவுக்கு: படிச்சுட்டுப் போறதா, நேரா அசிஸ்டெண்ட்டா சேர்றதா?

கெடிலக்கரை:
வணக்கம், முதுநகர் பையன் நான், வயசு 22, பி.காம் முடிச்சாச்சு. சின்ன வயசுல மாமா ஃப்யூஸ் போன பல்புல தண்ணி ரொப்பி பின்னாடி பிலிம் துண்ட தலகீழா புடிச்சு வெளிய கண்ணாடி வச்சு வெயில திருப்பி விடுவாரு, இருட்டு ரூம்ல வேட்டி மேல படம் தெரியும், அன்னைக்குப் புடிச்சது இன்னும் விடல. போன்லயே மூணு ஷார்ட் பிலிம் எடுத்துட்டேன், எல்லாம் துறைமுகத்துப் பக்கம். அப்பா போட்டுக்குப் போறவரு, ஒரு வருஷம் டைம் குடுத்திருக்காரு. என்ன பண்ணட்டும்?

வடபழனி_ரூம்மேட்:
தம்பி, நான் நெல்லிக்குப்பம், ஆறு வருஷமா அசிஸ்டெண்ட் டைரக்டர். மொத வருஷம் பேட்டா, அதான் தினப்படி, மட்டுந்தான், அதுவும் பாதி வரல. ஆனா வேலை அங்கதான் கத்துக்கிட்டேன். ஹீரோ சட்டையில எந்தக் கை மடிச்சிருக்கு, எத்தன மடிப்புனு நோட்ல எழுதணும், ஒருநாள் விட்டுட்டேன், மறுநாள் ஷாட் ஒட்டல, பாதி சீன் திரும்ப எடுத்தாங்க. அன்னைக்கு டைரக்டர் திட்டல, அதுதான் ரொம்ப வலிச்சுது. ஆறு மாச ரூம் வாடகை கையில இல்லாம கெளம்பாத. நம்ம கடலூர்ல பொறந்த ஜெயகாந்தன் அஞ்சாவதோட படிப்ப விட்டவரு, 1965ல தன் கதைய தானே டைரக்ட் பண்ணல?

வெள்ளைத்தெரு_எடிட்டர்:
அண்ணன் சொல்றது சரி, ஆனா தரமணியத் தள்ளிடாதப்பா. அங்க இருக்கறது அரசு பிலிம் இன்ஸ்டிட்யூட், பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு 4 வருஷப் படிப்பு, டைரக்‌ஷன், ஒளிப்பதிவு, எடிட்டிங், சவுண்ட்னு தனித்தனி. உனக்கு இருக்கறது ஒரு வருஷந்தான், அதனால அப்பாகிட்ட முதல்ல பேசு. இன்னொன்னு, போன்ல எடுக்கறப்ப ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தன படம்ங்கறது, ஒரே மாதிரி நிக்காது, தனியா எடுத்த சவுண்ட் போகப் போக உதடோட ஒட்டாது, மேனுவல் ஆப்ல 25ல லாக் பண்ணு, ஷட்டர் 1/50 நொடி வை, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் மினுக்காது. துறைமுகத்துல காத்து சத்தம் எல்லாத்தையும் முழுங்கிடும், மைக் மேல பஞ்சு சுத்து. பாண்டில அலையன்ஸ் பிரான்சேஸ்னு பிரெஞ்சு கலாச்சார மையத்துல படம் போடறப்ப வா, பாத்துட்டு பேசலாம்.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றிண்ணே, நன்றிக்கா. எங்க படத்துல பேசறது எதுவுமே கேக்காதது ஏன்னு இப்பதான் புரியுது. நேத்து ராத்திரி அப்பாகிட்ட பேசினேன், ஒண்ணும் சொல்லல, வலைய மடிச்சுக்கிட்டே இருந்தாரு, அப்புறம் ஞாயித்துக்கெழம விடியல்ல போட்டுல வந்து எடுத்துக்கடான்னாரு. பஞ்சு வாங்கிட்டேன்.