‘போ’வும் ‘போகாதீங்க’வும்

சிங்கப்பூரிலிருந்து:

2023இல் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் காரிலேயே மலேசியா, தாய்லாந்து வழியாக லாவோஸ் போய் வந்தோம். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற சட்டம், தாய்லாந்துக்குத் தனிக் காப்புறுதி, மலேசியா-தாய்லாந்து எல்லையான சடாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவது, இதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது லாவோஸ் கதை.

தாய்லாந்தின் எல்லை ஊரான நோங் காய் வரை சுமார் 2,500 கிலோமீட்டரும் நமக்குப் பழகிய இடது பக்கம்தான். மீகாங் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் லாவோஸ் முனையில் ஒரு சிக்னல். அங்கே வண்டிகள் வலது பக்கத்துக்கு மாறுகின்றன. எங்கள் காரிலோ ஸ்டியரிங்கும் வலது பக்கம். ஓட்டுகிறவர் சாலையோரப் புல்லைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்; எதிரே என்ன வருகிறது என்பது இடது பக்கம் இருக்கும் எனக்குத்தான் தெரியும்.

வாங் வியெங் வரை புது விரைவுச்சாலை, கவலையில்லை. (சுங்கக் கூண்டு என் பக்கம் வந்ததால் காசு கட்டியதும் நான்தான்.) அதற்கு மேல் லுவாங் பிரபாங்குக்கு 13ஆம் எண் மலைச்சாலை. முன்னால் லாரி ஊர்ந்துகொண்டிருக்கும். முந்தலாமா என்று நான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் ‘போங்க’ என்பவள், அவசரத்தில் ‘ங்க’வை விட்டுவிட்டேன். கல்யாணமாகி 19 வருடத்தில் அவரை ‘போ’ என்றது அதுதான் முதல் தடவை. அவருக்குச் சிரிப்பு.

காசி என்று ஓர் ஊர், நம் காசி இல்லை. அதைத் தாண்டி ஒரு வளைவில் எதிரே கனரக லாரி. ‘போகாதீங்க’ என்று கத்தினேன். ‘போ’ வரைதான் அவர் காதில் ஏறியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார். அப்புறம் பிரேக், நீளமான ஹாரன், பின் சீட்டிலிருந்த அஞ்சறைப்பெட்டி திறந்து கார் முழுக்கக் கடுகு. ஓரங்கட்டி, ஒரு வார்த்தை பேசாமல் கடுகு பொறுக்கினோம். பொறுக்கி முடித்ததும் புதுச் சட்டம் போட்டோம்: முந்தலாம் என்றால் ‘சரி’, கூடாது என்றால் ‘இரு’. ‘போ’வில் தொடங்கும் எந்தச் சொல்லும் காருக்குள் கூடாது.

ஒரு சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் நேராக என் ஜன்னலுக்கு வந்து லைசென்ஸ் கேட்டார். அங்கே அதுதானே ஓட்டுநர் இருக்கை. என் கையில் முறுக்கு. ஸ்டியரிங்கைக் காணாமல் அவர் முழித்த முழி!

சென்னையிலிருந்து:

சகோதரி, நாங்கள் 2019இல் மணிப்பூரின் மோரே வழியாக மியான்மருக்குள் போனோம். 1960களில் பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரி கோயிலே இருக்கிறது. கடைசி இட்லியும் அங்கேதான். எல்லை தாண்டியதும் வலது பக்கச் சாலை. 1970இல் இடதிலிருந்து மாற்றியிருக்கிறார்கள். ஆனால் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள், ஸ்டியரிங் வலது பக்கம். ஆக, நாடே உங்கள் வீட்டுக்காரர் மாதிரிதான் ஓட்டுகிறது! நாங்கள் பார்த்த பேருந்துகளில் இடது ஓரமாக ஒரு பையன் தலையை நீட்டி, குரல் கொடுத்துக்கொண்டே வந்தான். எனக்கு என் மனைவிதான் அந்தப் பையன். கூடவே வழிகாட்டி வர வேண்டும் என்பது விதி. எங்கள் வழிகாட்டி முன்னால் வேறு வண்டியில் போனதால், மனைவியின் முன் இருக்கை பிழைத்தது. 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு அந்த வழியில் யாரையும் போகச் சொல்ல மாட்டேன்.

பினாங்கிலிருந்து:

நாங்கள் மோட்டார் சைக்கிள் ஜோடி. எங்களுக்கு இடதா வலதா என்ற தொல்லை இல்லை, நனைவதுதான் தொல்லை. ஏப்ரல் 14, தாய்லாந்தின் சியாங் மாய் நகர அகழி ஓரம். அங்கே சொங்க்ரான் என்ற தண்ணீர் ஊற்றும் புத்தாண்டு விழா, நமக்குச் சித்திரை ஒன்று. புத்தாண்டாயிற்றே என்று புதுச் சட்டை போட்டது எங்கள் தப்பு. ஐஸ் தண்ணீர் வாளி வாளியாக வந்து விழுந்தது. ஒரு பாட்டி மட்டும் வண்டியை நிறுத்தச் சொல்லி, மல்லிகை மிதந்த தண்ணீரை எங்கள் கையில் மெதுவாக ஊற்றி, கன்னத்தில் வெள்ளை மாவு பூசினார். மனைவி நெற்றியைக் காட்டினாள். திருநீறு மாதிரி அங்கேயும் பூசிவிட்டார்.

மறுபடி சிங்கப்பூரிலிருந்து:

அந்தப் பேருந்துப் பையனுக்குச் சம்பளம் உண்டுதானே? இதைப் படித்துக் காட்டி இவரிடம் கேட்டேன். ‘இரு’ என்கிறார்.