கேட் பக்கத்துப் பாறைத் தோட்டம்: எங்கள் குடியிருப்புக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சாந்தி (பி-2), காலை 7:12
எல்லோருக்கும் வணக்கம். பாறைத் தோட்டத்தில் அடீனியம் (பாலைவன ரோஜா) இலை மஞ்சளாகி உதிர்கிறது. ரோஜாப்பூ போலத் தடித்த இலை அடுக்கியிருக்கும் எச்செவேரியா செடியின் குருத்தில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக இருக்கிறது. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

கார்த்திக் (ஏ-4), 7:15
அக்கா, போன வாரம் நான்தான் பூச்சிமருந்து வாங்கி அடித்தேன். இரண்டு நாள் காணோம், மறுபடி வந்துவிட்டது. அளவைக் கொஞ்சம் கூட்டி அடிக்கட்டுமா?

ராமசாமி அய்யா (சி-1), 7:21
வேண்டாம் தம்பி. அது மாவுப்பூச்சி. உடம்பு முழுக்க மெழுகு, மருந்து சரியாக இறங்காது. அதைத் தின்ன வரும் பொறிவண்டுதான் முதலில் சாகும். சாந்தி, செடியில் எறும்பு ஏறுகிறதா?

சாந்தி, 7:26
ஆமாங்க அய்யா. சாரை சாரையாகக் கருங்கல்லுக்கு அடியில் போகிறது.

ராமசாமி அய்யா, 7:38
பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பக்கத்துச் செடிக்கும் தூக்கிக்கொண்டு போகும். எறும்பை விட்டுவிட்டு எதை அடித்தாலும் வீண்.
நம் கோவையில் 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. எங்கள் காட்டில் மரவள்ளிக்கு மருந்து அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற, அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும், கண்ணுக்கே தெரியாத ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கப்புறம்தான் அடங்கியது. அன்றிலிருந்து மருந்து டப்பாவை எடுக்க எனக்கு மனசு வருவதில்லை.
கார்த்திக், அந்தக் கல்லைப் புரட்டிப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தேள் இருக்கலாம்.

கார்த்திக், 8:05
புரட்டினேன் அய்யா. அடியில் எறும்புப் புற்று. எச்செவேரியாவைப் பிடுங்கினால் வேரிலும் வெள்ளை மாவு! பக்கத்தில் இருக்கும் கள்ளியின் அடித்தண்டு கொழகொழவென்று நாறுகிறது.

ராமசாமி அய்யா, 8:19
வேரில் இருப்பதும் மாவுப்பூச்சிதான். மேலே அடித்த மருந்து அங்கே எப்படிப் போகும்? மண்ணை உதறி, வேரைக் கழுவி, நிழலில் நான்கைந்து நாள் காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள். நட்டதும் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஒரு வாரம் போகட்டும்.
கள்ளியில் இருப்பது அழுகல். அழுகாத இடம் வரும்வரை கத்தியால் வெட்டுங்கள், உள்ளே ஒரு பழுப்புப் புள்ளிகூட இருக்கக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு நடலாம். பால் வடிந்தால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபாத்திமா (ஏ-1), 8:24
அய்யா, வேப்பெண்ணெய் அடிக்கலாமா? வீட்டில் இருக்கிறது.

ராமசாமி அய்யா, 8:31
அடீனியத்துக்கு அடிக்கலாம்மா. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு. முதலில் ஒரு இலையில் அடித்துப் பாருங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். முட்டை பிந்திப் பொரிக்கும், அதனால் ஒரு தடவையோடு விடக் கூடாது. எச்செவேரியாவுக்கு வேண்டாம், அதன் சாம்பல் பூச்சு போய்விடும், வெயிலில் இலை கருகும். காது குடையும் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள்.

ஃபாத்திமா, 8:33
சரிங்க அய்யா. ராத்திரியில் பெரிய நத்தையும் வருகிறது. உப்பு போடலாமா?

ராமசாமி அய்யா, 8:36
மண்ணில் உப்பு போட்டால் செடி போய்விடும். ஈரச் சாக்கை விரித்து வையுங்கள், காலையில் அதற்கடியில் இருக்கும். கையுறையோடு பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

சாந்தி, 8:40
அய்யா, இவ்வளவு நாள் நன்றாகத்தானே இருந்தது, இப்போது ஏன் அழுகுகிறது?

ராமசாமி அய்யா, 8:47
மண்தான் காரணம். கல்லை அடுக்கும்போது கீழே இருந்த கரிசலை எடுக்கவே இல்லை. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன்னால் அதைத் தோண்டி எடுத்துவிட்டு, செம்மண், மணல், செங்கல் சில்லு கலந்து மேடாகப் போட வேண்டும். தண்டைச் சுற்றிச் சிறு ஜல்லி பரப்பினால் அடித்தண்டு காய்ந்தே இருக்கும்.

கார்த்திக், 8:52
சரிங்க அய்யா. செங்கல் சில்லு மாடியில் ஒரு மூட்டை கிடக்கிறது, மாலை ஐந்து மணிக்கு இறக்கி வைக்கிறேன். மண்வெட்டி யாரிடம் இருக்கிறது?

ஃபாத்திமா, 8:53
எங்களிடம் இரண்டு இருக்கிறது. கொண்டு வருகிறேன்.