செஸ்ஸில் பாதி ஆட்டத்தில் திட்டத்தை மாற்றிய அனுபவம் உண்டா?

கணக்குப் போட்டு ஜெயித்த ஆட்டங்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். பலி கொடுக்கவும் வழியில்லை, வெட்டவும் ஒன்றுமில்லை, ஆனால் பலகை முழுக்கக் காய்கள் என்ற நிலையில் என்ன செய்தீர்கள் என்று யாரும் எழுதுவதில்லை. என் ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வெள்ளை. தொடக்கம் குவீன்ஸ் கேம்பிட், அதில் நடுச் சிப்பாய்களை வெட்டி மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் வகை. என் சிப்பாய்கள் டி4, இ3 கட்டங்களில் (எழுத்து நெடுவரிசை, எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் கிடைவரிசை). எதிராளிக்கு டி5, சி6. இந்த அமைப்பில் வெள்ளைக்கு மனப்பாடமான திட்டம் ஒன்று உண்டு: ரூக்கை (நேராகப் போகும் காய், யானை) பி1-க்குக் கொண்டுவந்து, பி4, பி5 என்று தள்ளி, சி6 சிப்பாயைப் பலவீனமாக்குவது. நானும் ரூக்கை பி1-இல் வைத்துவிட்டேன். அப்புறம்தான் எதிர்ப்பக்கத்தைச் சரியாகப் பார்த்தேன். பிஷப் (மூலைவாட்டில் போகும் காய்) டி6-இல் நின்று எச்2-ஐ முறைக்கிறது, ஒரு குதிரை ஜி6-க்கு வந்துவிட்டது, இன்னொன்று எஃப்6-இலிருந்து ஜி4, இ4 இரண்டையும் பார்க்கிறது. அவருடைய காய்கள் எல்லாம் என் ராஜா பக்கம்தான்.

இங்கே ‘யார் மேல்?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. சி6 இன்னும் பலவீனமாகவில்லை. அதைப் பலவீனமாக்கி ராணியையும் ரூக்கையும் அதன்மேல் திருப்ப எனக்குக் குறைந்தது ஐந்தாறு நகர்த்தல் வேண்டும். அவருடைய தாக்குதல் அதற்கு முன்பே வந்துவிடும். ஆனால் அது முழுக்க அந்த ஜி4, இ4 கட்டங்களை நம்பித்தான் நிற்கிறது. எஃப்3 ஆடினால் இரண்டும் ஒரே நேரத்தில் பறிபோகும், பின்னால் இ4 என்ற மிரட்டலும் வரும். விலை என்ன? இ3 சிப்பாய் ஊனமாகிறது, அவருடைய ரூக் அதை நேராகப் பார்க்கிறது. அப்படியென்றால் அந்த இ3-ஐக் காக்க ஒரு ரூக் வேண்டும். சும்மா நிற்பது எது? இப்போதுதான் பி1-க்குப் போன ரூக்!

போன ரூக்கைத் திருப்புவதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் 1952 சோவியத் சாம்பியன்ஷிப்பில் கிராண்ட்மாஸ்டர் கெரஸுக்கு எதிராக அப்போதைய உலகச் சாம்பியன் போட்வின்னிக் இதே அமைப்பில் ரூக்கை பி1-க்கு ஆடிவிட்டு, பிறகு எஃப்3 தள்ளி, அதே ரூக்கை இ1-க்குக் கொண்டுவந்தார். அந்த ஆட்டம் நினைவுக்கு வந்ததும் கூச்சம் போய்விட்டது. ராஜாவை எச்1-க்கு ஒதுக்கி, எஃப்3 ஆடி, ரூக்கை இ1-இல் வைத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், இ4 கடைசிவரை வரவே இல்லை. அதற்குப் பயந்து அவர் சி5 ஆடினார். நான் வெட்டினேன், அவர் பிஷப்பால் திருப்பி வெட்டினார், டி5 சிப்பாய் துணையில்லாமல் தனித்து நின்றது. மீதி ஆட்டம் முழுக்க அந்தச் சிப்பாயைச் சுற்றித்தான்.

*

பதில் 1

எனக்கு நடந்தது தலைகீழ். நான் கறுப்பு, எதிராளியின் நடு சிப்பாய்கள் இரண்டும் கிளம்பி வருகின்றன. காய்க்கணக்கு சமம், ஆனால் எந்தக் காயை எங்கே வைத்தாலும் அடுத்த நகர்த்தலில் விரட்டப்படுகிறது. காய்களின் மதிப்பை எண்ணுவதை விட்டுவிட்டு, ‘என் குதிரை எங்கே நின்றால் இந்தச் சிப்பாய்கள் நிற்கும்?’ என்று மட்டும் யோசித்தேன். கட்டம் தெரிந்தது. போகும் வழியில் என் ரூக்கே நிற்கிறது. ரூக்கை எதிராளி பிஷப் வெட்டக்கூடிய கட்டத்துக்கே நகர்த்தி வழி விட்டேன். என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை: 1953 சூரிச் போட்டியில் அமெரிக்காவின் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராக சோவியத் வீரர் பெட்ரோசியன் ரூக்கை இ6-இல் வைத்ததும் சி6 குதிரைக்கு இ7 வழியாக டி5-க்குப் பாதை திறக்கத்தான். அவருக்கு டிரா கிடைத்தது. எனக்கும் அதேதான், அரைப்புள்ளி.

*

பதில் 2

இரண்டுமே நல்ல ஆட்டங்கள். ஆனால் இதெல்லாம் நேரம் தாராளமாகக் கிடைக்கும் கிளாசிக்கலில்தான் சார். வேக ஆட்டமான ரேப்பிடில் இவ்வளவு யோசித்தால் நேரம் தீர்ந்து கொடி விழுந்துவிடும். நான் ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வேன்: இப்போது எதிராளிக்கு இரண்டு நகர்த்தல் சேர்த்துக் கொடுத்தால் எதை ஆடுவார்? அதைத் தடுப்பதே பாதி நேரம் திட்டமாகிவிடும். முதல் பதிவின் எஃப்3-உம் அந்த வகைதான். ஆட்டத்தை அலசும் கணினி நிரல், அந்த இன்ஜின் என்ன சொன்னது? அவர் சி5 ஆடாமல் காத்திருந்தால்?

*

முதல் பதிவர்

இன்ஜினுக்கு பி4-உம் எஃப்3-உம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அது சமம் என்று சொல்லும் நிலையில் யாருக்கு ஆடுவது சுலபம் என்பதை அது தரும் மதிப்பெண் காட்டாது. பி4 ஆடியிருந்தால் தாக்குதலை ஒவ்வொரு நகர்த்தலாகத் தாங்க வேண்டியவன் நான்.

அவர் காத்திருந்தால் இ4 தள்ளியிருப்பேன். அங்கே வெட்டினால் எஃப் சிப்பாயால் திருப்பி எடுக்கலாம், எஃப் வரிசையும் எனக்குத் திறக்கும். வெட்டாவிட்டால் அடுத்து இ5, பிஷப்புக்கும் குதிரைக்கும் ஒரே நேரத்தில். உங்கள் ‘இரண்டு நகர்த்தல்’ கேள்வியை அவரும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதனால்தான் சி5 வந்தது.