பத்தரை மணிக்குத் தலை தொங்கிய பந்துப்பூ: வீட்டுப் பூவை ஜாடியில் வைத்த கதைகளைச் சொல்லுங்க

கோத்தகிரி அம்மணி

போன ஆவணியில் மகளுக்கு நிச்சயதார்த்தம், வீட்டிலேயே வைத்தோம். பூ அலங்காரத்துக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிறவர் சொன்ன தொகையைக் கேட்டு வீட்டுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வேலி நிறைய ஹைட்ராஞ்சியா நிற்கிறதே, இதற்கு எதற்குக் காசு என்று நானே இறங்கினேன். எங்கள் வீட்டில் அதற்குப் பந்துப்பூ என்றுதான் பேர்.

காலை எட்டு மணிக்கு, மூட்டம் விலகி வெயில் அடித்த பிறகு, முப்பது பந்து வெட்டினேன். பித்தளைக் குடம் இரண்டு, ஊறுகாய் ஜாடி நாலு. ஒன்பது மணிக்கு வீடு பார்க்க அவ்வளவு அழகு. பத்தரைக்கு நல்ல நேரம், சம்பந்தி வீட்டார் உள்ளே வரும்போது ஒவ்வொரு பந்தாகத் தலை தொங்க ஆரம்பித்தது. சம்பந்தியம்மா என் காதோரம் குனிந்து, "பூவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். அன்போடுதான் கேட்டார், அதுதான் இன்னும் வலிக்கிறது. சாமிக்கு வாங்கி வைத்திருந்த செவ்வந்தியை அள்ளிக் குடத்தில் செருகிச் சமாளித்தேன்.

தண்ணீர் நிறைய ஊற்றியிருந்தேன். எங்கே தப்பு? உங்களுக்கும் இப்படி நடந்ததா?

வில்பட்டிக்காரி

அக்கா, உங்களுக்காவது பூ மட்டும்தான் வாடியது. கொடைக்கானலில் ஓடையோரம் எங்கே பார்த்தாலும் ஏரம் லில்லி, வெள்ளைப் புனல் மாதிரி. யாரும் நடவில்லை, தானாகப் பரவிக் கிடக்கிறது. சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா என்று படித்திருக்கிறேன். ஒருநாள் இருபது தண்டு வெட்டி வந்து கூடத்தில் பெரிய சொம்பில் வைத்தேன். வத்தலக்குண்டிலிருந்து வந்த வீட்டுக்காரரின் அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்று, "யாருடி போயிட்டா?" என்றார்.

அத்தையைச் சொல்லிக் குற்றமில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று எங்கள் ஊர்க் கல்லறையில் இந்தப் பூதான் முக்கால்வாசி. தனி வெள்ளையாக நின்றால் நம் கண்ணுக்குத் துக்க வீடுதான். மறுநாள் அதே சொம்பில் சிவப்புக் கிளேடியோலஸ் நாலும் ஒரு பிடி பெரணி இலையும் சேர்த்தேன். அத்தை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து காபி குடித்தார்.

இரண்டு விஷயம் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒன்று, அந்தத் தண்டுப் பால் கையில் பட்டால் அரிக்கும். சேப்பங்கிழங்குக் குடும்பம்தானே, கிழங்கு நறுக்கும்போது அரிக்கிற அதே அரிப்பு. குழந்தைகள் வாயில் வைத்துவிடக் கூடாது. இன்னொன்று, தண்ணீரில் நின்றால் தண்டின் அடி பிளந்து சுருண்டுகொள்ளும். அடியில் நூல் சுற்றிக் கட்டினால் பிளக்காது.

பந்துப்பூ பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும், எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

பாலிஹவுஸ் பத்து வருஷம்

அம்மணி, தண்ணீர் ஊற்றினீங்க, பூ குடிக்கவில்லை. ஹைட்ராஞ்சியா வெட்டின இடத்தில் கோந்து மாதிரி கசிந்து அடைத்துக்கொள்ளும். மேலே இத்தனை இதழ், வெயில் பட்டால் அத்தனையும் தண்ணீரை ஆவியாக விடும். குழாய் அடைப்பு, தொட்டி காலி. நீங்கள் வெட்டினது வெயில் ஏறின பிறகு, அது இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது: விடியக்காலை, பனி ஈரம் இருக்கும்போதே வெட்டணும். கையில் வாளித் தண்ணீரோடு போங்க, வெட்டினதும் வாளிக்குள். வீட்டுக்கு வந்து அடியை மறுபடி சாய்வாக வெட்டி, வெட்டுவாயைப் படிகாரப் பொடியில் அரை அங்குலம் தோய்த்து ஜாடியில் வைங்க. கடையில் சவரத்துக்கு விற்கிற அதே படிகாரம்தான். தொட்டுப் பார்த்தால் பட்டு மாதிரி மெத்தென்று இருக்கிற இளம்பூ சீக்கிரம் தொங்கும். காகிதம் மாதிரி கொஞ்சம் மொரமொரப்பானதை எடுங்க. அப்படியும் தொங்கினால் தூக்கிப் போட வேண்டாம். பூவைத் தலைகுப்புற அகலப் பாத்திரத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் அமுக்கி வைங்க. ஹைட்ராஞ்சியா இதழ் வழியாகவும் தண்ணீர் குடிக்கும்.

நான் குன்னூர்ப் பக்கம் கார்னேஷன் பூ வளர்க்கிற பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகையில், வேலை பார்த்தவன். பகல் சூடு, ராத்திரிக் குளிர், இந்த ஏற்ற இறக்கத்தில் மொட்டின் பச்சை உறை ஒரு பக்கம் வெடித்துவிடும். வெடித்தது மார்க்கெட்டுக்குப் போகாது, வெட்டி விற்கிற பூவுக்கு அப்படி ஒரு சாபம். அதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். என் வீட்டுக்காரி உறையைச் சுற்றி மெல்லிய செலோ டேப் ஒரு சுற்றுச் சுற்றி வைப்பாள், பார்க்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. கார்னேஷனைக் கணுவில் வெட்டாதீங்க, இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்டினால்தான் தண்ணீர் ஏறும்.

ஒரு தடவை அப்படி வைத்த ஜாடி இரண்டே நாளில் கூம்பிப்போச்சு. வழக்கமா எங்கள் குளிருக்கு இரண்டு வாரம் நிற்கிற பூ. காரணம் பக்கத்தில் தொங்கின மலை வாழைத்தார். பழம் பழுக்கும்போது வருகிற எத்திலீன் வாயு கார்னேஷனுக்கு ஆகவே ஆகாது. பூஜையறையில் பழத்தட்டு பக்கத்தில் ஜாடி வைக்கிறவங்க கவனிங்க.

மதுரைப் பொண்ணு, ஊட்டி மருமகள்

எனக்கு ஒரு சந்தேகம். பூன்னா தொடுக்கணும், தலையில் வைக்கணும், சாமிக்குப் போடணும். ஜாடியில் வைத்து வேடிக்கை பார்ப்பது துரை வீட்டுப் பழக்கம் இல்லையா? கல்யாணமாகி வந்த புதிதில் இங்கே மல்லி கிடைக்காமல் அழுதிருக்கிறேன். கீழேயிருந்து பஸ்ஸில் வருவதற்குள் பாதி பழுத்துப் போயிருக்கும்.

பங்களா பேரன்

துரை வீட்டுப் பழக்கமேதான், மறுக்கவில்லை. எங்கள் தாத்தா குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் தோட்டக்காரர். காலை ஆறு மணிக்குப் பூ வெட்டிப் பட்லர் கையில் கொடுப்பது அவர் வேலை. 1848-ல் ஊட்டியில் தாவரவியல் பூங்கா வேலையைத் தொடங்கி வைத்த மெக்ஐவர் காலத்திலிருந்து இந்த மலைக்கு வெளிநாட்டுச் செடி ஏறிக்கொண்டே இருக்கிறது. டேலியா, ஹைட்ராஞ்சியா, ஃப்யூஷியா எதையாவது நாரில் தொடுக்க முடியுமா? தொடுக்க முடியாத பூவை எங்கே வைப்பது? துரை போய்விட்டார், பூ போகவில்லை.

தாத்தா சொன்ன ஒரு வேலை இன்றைக்கும் என் வீட்டில் நடக்கிறது. வாய் அகலமான பாத்திரத்தில் தண்டு நிற்காமல் சாயும் அல்லவா? கோழிக்கூட்டுக் கம்பி வலையை ஒரு முழம் வெட்டி, உருண்டையாகக் கசக்கி உள்ளே அமுக்கிவிடுவார். தண்டு கண்ணிக்குக் கண்ணி மாட்டி நிற்கும். கழுவித் திரும்பத் திரும்ப வைக்கலாம். எங்கள் வீட்டு வலைக்கு என் மகளைவிட வயது அதிகம்.

இப்போது எல்லோரும் பச்சை ஸ்பாஞ்ச் கட்டி வாங்கித் தண்டைக் குத்துகிறார்கள். அது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிளாஸ்டிக், மக்காது, பொடிப்பொடியாக உதிர்ந்து சாக்கடைக்குப் போகும். பிளாஸ்டிக் என்று செக்போஸ்ட்டில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிற மாவட்டத்தில் இதை மட்டும் ஏன் விடுகிறோம் என்று எனக்குப் புரிவதில்லை. சரி, அது வேறு சண்டை.

அம்மணிக்கு ஒன்று: உங்கள் பந்துப்பூ நீலமா, ரோஸா?

கோத்தகிரி அம்மணி

நீலம். ஆனால் வேடிக்கை, அதே செடியில் கிளை ஒடித்து முன்வாசல் சுவரோரம் நட்டது மட்டும் ரோஸாகப் பூக்கிறது. மாமியார் அதற்கு ஏதோ கண்பட்டுவிட்டது என்கிறார்.

பங்களா பேரன்

கண்ணெல்லாம் இல்லைங்க, சுண்ணாம்பு. தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண் நம்முடையது. அந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். சுவர்ப் பூச்சிலிருந்து சுண்ணாம்பு இறங்கின இடத்தில் கிடைக்காது, ரோஸாகிவிடும். இரண்டு நிறத்தையும் ஒரே குடத்தில் வைத்துப் பாருங்க, பக்கத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

வில்பட்டிக்காரி

அப்படியானால் படிகாரத்தில் தோய்த்தால் ரோஸ் பூ நீலமாகிவிடுமா? அதிலும் அலுமினியம்தானே.

பாலிஹவுஸ் பத்து வருஷம்

ஹாஹா. வெட்டின பூவில் ஆகாது. செடிக்கு மண்ணில் போட்டால் அடுத்த பூப்பில் மாறும், அப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

மன்னவனூர் தாத்தா

எல்லாரும் வேலிப் பூவைச் சொல்கிறீர்கள், நான் செய்த தப்பைச் சொல்கிறேன். 2018-ல் குறிஞ்சி பூத்தபோது எங்கள் மேட்டில் சரிவே நீலமாகக் கிடந்தது. பேத்திக்குக் காட்ட ஒரு கொத்து ஒடித்து ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் மணி மாதிரிப் பூவில் பாதி உதிர்ந்து துணியோடு ஒட்டியிருந்தது. ஜாடியில் வைத்த மிச்சம் சாயங்காலம் வரை நிற்கவில்லை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பூத்தது, விதை விழுந்தால்தான் அடுத்த தலைமுறை உண்டு. பேத்தி, "இனிமே எப்ப தாத்தா பூக்கும்?" என்றாள். 2030 என்றேன். அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள், நான் எனக்கு அப்போது என்ன வயது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சோலையில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசையும் அப்படியே விட்டுவிடுங்கள். காட்டில் ஒடிப்பது சட்டப்படியும் தப்பு.

இன்னொன்று. மணி மாதிரித் தலைகீழாகத் தொங்குகிற பெரிய ஊமத்தைச் சாதி, வெள்ளையும் மஞ்சளும், எல்லார் வேலியிலும் இருக்கிறது. ராத்திரி வாசனை ஆளைத் தூக்கும். சாப்பாட்டு மேஜைக்கு அதைக் கொண்டுவராதீர்கள். இலை, பூ, விதை எல்லாமே விஷம்.

மதுரைப் பொண்ணு, ஊட்டி மருமகள்

நான் கேட்ட கேள்விக்கு நானே ஒரு பதில் வைத்திருக்கிறேன், வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. உறைபனிக் காலத்தில் தோட்டத்தில் டேலியா எல்லாம் ஒரே ராத்திரியில் கறுத்துப்போகும். அப்போது கற்பூர மரத்தின் (யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) இளங்கொழுந்து, அந்த வெள்ளி நிற உருண்டை இலை, அதை மட்டும் கொத்தாக வைப்பேன். சீகை மரம், அதாவது வாட்டில், மஞ்சளாகப் பூத்தால் அதில் இரண்டு கிளை. கூடவே காய வைத்த பந்துப்பூ. தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள், எனக்குச் சுருங்கிப்போனது. பூ முற்றி இதழ் தடித்த பிறகு வெட்டி, ஜாடியில் இரண்டு விரல்கடைத் தண்ணீர் மட்டும் ஊற்றி, வெயில் படாத இடத்தில் மறந்துவிடுங்கள். தண்ணீர் தானாக வற்றும், பூ நின்றபடியே காயும். நிறம் கொஞ்சம் மங்கிப் பழைய பட்டுப்புடவை மாதிரி வரும். எனக்குப் புதுப்பூவைவிட அது பிடிக்கும்.

கோத்தகிரி அம்மணி

செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். விடியக்காலை ஆறு மணி, வாளியோடு போனேன். மூன்று பந்து படிகாரத்தில் தோய்த்தது, மூன்று தோய்க்காதது, தனித்தனி ஜாடி. தோய்க்காததில் இரண்டு அன்று மாலையே தொங்கிவிட்டன. தோய்த்தது மூன்றும் ஆறாம் நாள் இன்றைக்கும் நிமிர்ந்து நிற்கிறது, தண்ணீர் இரண்டு தடவை மாற்றினேன். நீலமும் ரோஸும் சேர்த்தும் வைத்தேன், பேரன் தம்பி, நீங்கள் சொன்னது சரி, வேறு பூவே வேண்டாம்.

தொங்கின இரண்டையும் அண்டாத் தண்ணீரில் குப்புறப் போட்டு மேலே தட்டு வைத்து அமுக்கினேன். மாமியார் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன, குழம்புக்கா?" என்று கேட்டார். ஒன்று பிழைத்தது, ஒன்று பிழைக்கவில்லை.

மகளுக்குக் கல்யாணம் தை மாசம். அப்போது வேலியில் பந்துப்பூ இருக்காது. அதனால் மதுரைப் பொண்ணு சொன்னபடி இப்போதே முற்றினதாகப் பார்த்து வெட்டி, இரண்டு விரல்கடைத் தண்ணீரில் பீரோ மேல் வைத்திருக்கிறேன், பதினேழு பந்து. மாமியாரின் வெற்றிலைப் பெட்டி இத்தனை வருஷமாக இருந்த இடம் அது. இப்போது ஜன்னல் திட்டுக்கு மாற்றிவிட்டேன், பூ இருக்கிற வீட்டில் தனக்கு இடமில்லை என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.