புதுப்பிப்பு: உப்புத் தண்ணியில புல்தரை, எட்டு மாசத்துக்குப் பிறகு

போன பதிவுல ராமநாதபுரம் பக்கத்துல உச்சிப்புளி வீட்டு முன்னாடி போட்ட கொரியன் புல் காய்ந்துபோச்சுன்னு புலம்பியிருந்தேன். போர் தண்ணியில டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, லிட்டருக்கு 4,000 மில்லிகிராமுக்கு மேல.

தப்பு தண்ணியில மட்டும் இல்ல. தினமும் சாயங்காலம் லேசா தெளிச்சேன். தண்ணி ஆவியாகிடும், உப்பு மேலயே தங்கிடும். காலையில மண்ணைச் சுரண்டினா நகத்துல வெள்ளையா ஒட்டும். போதாக்குறைக்கு, "சத்து"ன்னு நானே ரெண்டு டிராக்டர் கண்மாய் மண் கொட்டியிருந்தேன். அது களிமண். களியில உப்புல இருக்கிற சோடியம் ஏறினா மண் இறுகிடும், தண்ணி உள்ள இறங்காது. அதை வெட்டி எடுக்கவே முதுகு போச்சு.

இப்போ வெறும் மணல்மேல பாஸ்பலம் (உப்பு தாங்குற ஒரு புல் வகை), ஓரத்துல நம்ம அருகம்புல். மூணு நாளைக்கு ஒருக்க, அதிகாலையில, உப்பு வேருக்குக் கீழ இறங்குற அளவுக்கு நிறையப் பாய்ச்சுறேன். கீழே வடிய வழி இருக்கணும், இல்லேன்னா இதுவும் வீண். ஜிப்சம் (மண்ணுல ஏறின சோடியத்தை விலக்கப் போடுற கால்சியம் உப்பு) போடலாமான்னு கேட்டவங்களுக்கு: களிமண்ணுக்குத்தான் அது பிரயோஜனம், மணலுக்குப் பெருசா வேண்டாம்.

ஐப்பசி மழையில உப்பு கழுவிப்போய் பச்சை பிடிச்சது. சித்திரையில நுனி கருகுச்சு, ஆனா சாகல. வாசப்படி பக்கம் ஒரு முழத்துக்கு இன்னும் சொட்டைதான். படம் சாயங்காலம் போடுறேன்.