கேள்வித்தாள் அச்சாகும் முன்பு

செயலாளர்: அனைவருக்கும் வணக்கம். நம் குடியிருப்புக் குழந்தைகளின் உறக்கம், விளையாட்டு, பெற்றோரின் மன அழுத்தம் ஆகியவற்றை ஆராயவிருக்கும் பல்கலைக்கழகக் குழு ஒன்று, வீடு வீடாகக் கேள்வித்தாள் கொடுக்க நம் ஒப்புதலைக் கேட்டிருக்கிறது. உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்.

டீச்சர் அக்கா: நல்ல நோக்கம்தான், மனமார வரவேற்கிறேன். ஆனால் கேள்விகளை அவர்களே எழுதி முடித்துவிட்டு நம்மிடம் பதிலை மட்டும் வாங்கிப் போவதென்றால், அதைச் சமூகப் பங்கேற்பு ஆய்வு, அதாவது மக்களும் சேர்ந்து வடிவமைத்து நடத்தும் ஆய்வு என்று சொல்ல முடியாது. ஆராய்வதோடு நிற்காமல் மாற்றத்தையும் கொண்டுவர முயலும் செயல் ஆய்வைப் பற்றி 1946இல் எழுதிய உளவியலாளர் குர்ட் லெவின், நூல்களை மட்டுமே விளைவிக்கும் ஆய்வு போதாது என்று அப்போதே சொல்லிவிட்டார்.

மாடிவீட்டுத் தம்பி: கேள்வித்தாள் தயாரிப்பது அவர்கள் படித்த படிப்பு அல்லவா அக்கா? அதில் நாம் என்ன சொல்லிவிட முடியும்?

டீச்சர் அக்கா: அளவிடும் முறை அவர்களுக்குத்தான் தெரியும் தம்பி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பாவோ அம்மாவோ இரவு ஷிப்ட் முடிந்து வரும்வரை ஒரு குழந்தை விழித்துக் காத்திருக்கிறது என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். கைப்பேசியை எத்தனை மணி நேரம் பார்க்கிறது என்று மட்டும் கேட்கும் தாளில் அந்தக் காரணம் இடம்பெறாது. கடைசியில் வளர்ப்பு சரியில்லை என்ற பழி தாயின் மேல் விழும்.

செயலாளர்: திரட்டும் தகவல் பிறகு யாரிடம் இருக்கும் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

டீச்சர் அக்கா: நியாயமான கவலை ஐயா. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பி இரத்தம் கொடுத்தார்கள். அந்த மாதிரிகள் மனச்சிதைவு, மூதாதையரின் இடப்பெயர்வு போன்ற வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டதைப் பல ஆண்டுகள் கழித்து அறிந்து வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது, எஞ்சியிருந்த மாதிரிகளும் திருப்பித் தரப்பட்டன. எந்த நோக்கத்துக்காகக் கேட்கிறார்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்துவார்கள், வேறொன்றுக்கு வேண்டுமென்றால் மறுபடியும் நம்மிடம் வந்து கேட்பார்கள் என்று எழுதி வாங்காமல் யாரும் கையெழுத்திடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மாடிவீட்டுத் தம்பி: பிள்ளைகளுக்காகப் பெற்றோர் கையெழுத்திட்டால் போதுமா?

டீச்சர் அக்கா: போதாது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 12ஆம் பிரிவில் சொல்கிறது. பெற்றோர் சம்மதித்த பிறகும் குழந்தை வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பாதியில் எழுந்து போனாலும் காரணம் கேட்கக் கூடாது. பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து, பிடித்த இடத்தையும் பயப்படும் இடத்தையும் படமெடுத்து வரச் சொல்லும் முறையும் இருக்கிறது. எழுதத் தயங்கும் பிள்ளைகளுக்கு அது மிகவும் ஏற்றது.

செயலாளர்: அப்படியானால் கேள்வித்தாளை அச்சிடும் முன்பு பெற்றோருடன் உட்கார்ந்து பேசுமாறு அவர்களுக்கு இன்றே எழுதுகிறேன்.

மாடிவீட்டுத் தம்பி: ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நேரமாகப் பார்த்து வையுங்கள் ஐயா. கூட்டம் முடியும்வரை பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.